புலன் தேடும் குழந்தை: கவனிக்க வேண்டியவை

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு வழக்கமான தொடுதலும் அசைவும் ஒலியும் போதுவதில்லை, கூடுதலாகத் தேடுவார்கள். இது அடம் அல்ல, உடலின் தேவை.

• அசைவு: ஓயாமல் சுற்றுதல், குதித்தல், ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்தல்.

• அழுத்தம்: சுவரில் மோதுதல், ஆட்களை இறுகக் கட்டிக்கொள்ளுதல், மெத்தைக்கு அடியில் புகுந்து படுத்தல்.

• வாய்: சட்டைக் காலர், பென்சிலை மெல்லுதல். மண் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும்.

• பார்வை: சுழலும் மின்விசிறியையே நெடுநேரம் பார்த்தல்.

இவை எப்போது, எங்கே, எதற்குப் பின் நடக்கின்றன என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் தேவை புலப்படும். தடுப்பதைவிட மாற்று தருவது நல்லது: தூத்துக்குடி முத்துநகர் கடற்கரையில் ஈரமணல் தோண்டலாம், மணல் வாளி சுமக்கலாம். அலையருகே குழந்தையின் கையை விடக்கூடாது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஆலோசனை பெறலாம்.