கடல் நடுவே குடிநீர்



சிட்னித் துறைமுகத்தின் சர்க்குலர் கீ கரையில், பல மாடி மாளிகைபோல் உல்லாசப் பயணக் கப்பல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதிலே ஆயிரக்கணக்கானோர் பல நாட்கள் வாழ்கின்றனர். சுற்றிலும் நீர் இருந்தும் அதில் ஒரு மிடறும் பருக இயலாது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வுப்பை வெளியேற்ற, பருகியதிலும் மிகுதியான நீரை உடல் இழக்க நேரும், தாகமே பெருகும்.

நன்னீர் ஆக்கும் முறைகள்

முதலாவது வடித்தல். கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் உப்பற்ற நீர் கிடைக்கும். அழுத்தம் குறைந்த கலத்தினுள் நீர் 100 பாகைக்கு வெகு கீழேயே கொதிக்கும். ஆதலால் கப்பல் இயந்திரத்தின் கழிவு வெப்பமே இதற்குப் பயன்படுகிறது.

இரண்டாவது எதிர்ச் சவ்வூடு பரவல். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்கிற்கும் மேலான அழுத்தத்தில் கடல்நீரை நுண்ணிய சவ்வின்மீது செலுத்துவர். நீர் ஊடுருவும், உப்பு பின்தங்கும். இந்நீரில் கனிமங்களைச் சேர்த்து, கிருமி நீக்கிய பின்னரே குடிக்கத் தருவர்.

கழிவுநீர் என்னாகிறது?

நவீன கப்பல்களில் கழிவுநீர் முதலில் சல்லடையிற் செல்லும். பின்னர் காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். இறுதியில் நீரை வடிகட்டி, புறவூதாக் கதிரால் கிருமிகளை அழிப்பர். துப்புரவாக்காத கழிப்பறை நீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடுவதை ‘மார்போல்’ என்னும் பன்னாட்டு உடன்படிக்கை தடுக்கிறது. அதன் இவ்விதிகள் 2003 இல் நடைமுறைக்கு வந்தன.

நகரங்களும் நாடிய வழி

மழை பொய்த்தபோது நகரங்களும் கடலையே நாடின. சிட்னியின் கேர்னெல்லில் 2010 இல் இயங்கத் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 25 கோடி லீற்றர் நன்னீர் ஆக்கவல்லது. அதே ஆண்டில் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 10 கோடி லீற்றர் ஆக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மெல்பேர்னுக்காக வொந்தாகியில் எழுந்த நிலையம் 2012 இல் நிறைவுற்றது.

ஆயினும் இவற்றுக்கு மின்சாரமும் பொருளும் மிகுதியாக வேண்டும். கதிரவன் கடலை ஆவியாக்கி, முகிலாகக் குளிர்வித்துத் தரும் மழையோ விலையின்றிக் கிடைக்கிறது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் உள்ளத்தை இங்கே உணரலாம். கப்பலில் வாழ்வோர் ஒவ்வொரு குடம் நீரையும் ஆக்கியே செலவிடுகின்றனர். குழாயைத் திறக்கும் நாமும் அதனை எண்ணிச் செலவிடுதல் வேண்டும்.

வினாக்கள்

1. கடல்நீரைப் பருகினால் தாகம் பெருகுவது ஏன்?
2. மழையை இயற்கையின் வடித்தல் என்பது எங்ஙனம் பொருந்தும்?