குருடர் நாட்டில் கண்ணுடையான்

(இரண்டாமாண்டு, இளமறிவியல் – இயற்பியல்)

திருக்குறளின் 393-ஆவது குறளை நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கல்வி என்னும் அதிகாரத்தில் வருவது. கல்லாதவர் முகத்திலுள்ள கண்களுக்கு வள்ளுவர் வைத்த பெயர் மிகவும் கடுமையானது. எட்டாம் வகுப்பில் ஒரு மாலை அதை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே அம்மா, "அதுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டாள். "நல்லாப் படிக்கணும்னு அர்த்தம்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

அறிவியல் மாணவனுக்குச் சிறுகதை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நம் கல்லூரியில் வரலாறு மூன்றாமாண்டு பயிலும் பார்வையற்ற அண்ணன் ஒருவருக்குச் சென்ற ஆண்டு தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. தேர்வு முடிந்த பிறகும் நூலகத்தில் அவருக்குப் படித்துக் காட்டும் வழக்கம் தொடர்ந்தது. "கண்ணு தெரியாதவங்களப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்காங்கன்னு பாப்போம், தம்பி" என்றார் ஒருநாள். அப்படிப் படித்தவற்றுள் மூன்று கதைகளைப் பற்றியே இக்கட்டுரை.

முதற்கதை எச்.ஜி.வெல்ஸ் 1904-இல் எழுதிய 'குருடர் நாடு'. வெல்ஸைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். அவருடைய தாய் பெரிய வீடுகளில் பணிபுரிந்தவர். தந்தை சிறு கடைக்காரர். உதவித்தொகை பெற்று ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்று, 1890-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். அவரும் நம் கட்சிதான்!

ஆண்டிஸ் மலையில் எரிமலைச் சீற்றத்தால் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோன ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு நோயினால் பிறக்கும் குழந்தைகள் யாவும் பார்வையின்றிப் பிறக்கின்றன. பல தலைமுறைகள் கழிகின்றன. 'பார்த்தல்' என்ற சொல்லே மறைந்துவிடுகிறது. மலையேறும் கூட்டத்தைச் சேர்ந்த நூனெஸ் என்பவன் சறுக்கி அங்கே போய் விழுகிறான். குருடர் நாட்டில் ஒற்றைக் கண்ணனே அரசன் என்ற பழமொழி அவன் நினைவுக்கு வருகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல ஒரு கணக்கு.

கணக்குப் பொய்த்துப்போகிறது. அந்த ஊரின் பாதைகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் காலுக்குத் தெரியும்படி வெவ்வேறு வெட்டுகள் உண்டு. வீடுகளுக்குச் சன்னல் இல்லை, யாருக்குத் தேவை? வெயிலில் உறங்கிக் குளிரில் உழுகிறார்கள். இருட்டறைக்குள் நுழைந்ததும் தடுக்கி விழுபவன் நூனெஸ் ஒருவன்தான். தூரத்தில் நடப்பதைச் சொல்லித் தன் திறமையை மெய்ப்பிக்க முயல்கிறான். அவர்களுக்கு முக்கியமான காரியங்கள் வீட்டுக்குள்ளே நடக்கின்றன, அவற்றை அவனால் சொல்ல முடியவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மிரட்டியும் பார்க்கிறான்; பட்டினியால் தோற்றுத் திரும்பிவந்து, பார்வை என்று ஒன்று இல்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

பிறகு மெதினா-சரோத்தே என்ற பெண்ணிடம் அன்பு கொள்கிறான். மணம் முடிக்க ஊரார் விதிக்கும் நிபந்தனைதான் கதையின் உயிர். அவன் முகத்தில் புடைத்து, இமைத்து, அசைந்துகொண்டேயிருக்கும் அந்த இரண்டு உறுப்புகளே அவன் மூளையைக் கெடுக்கின்றன. அவற்றை அகற்றிவிட்டால் குணமாகிவிடுவான் என்று வைத்தியர் முடிவு சொல்கிறார். அதில் பகையோ கொடுமையோ இல்லை. முழு அக்கறையோடு சொல்கிறார். நூனெஸ் முதலில் இணங்கி, கடைசி நாளன்று விடியலைப் பார்த்ததும் மலையேறி ஓடிவிடுகிறான். 1939-இல் வெல்ஸ் இந்த முடிவை மாற்றி எழுதினார். என் கருத்தில் பழைய முடிவே வலிமையுடையது.

இந்த இடத்தில் இயற்பியல் மாணவன் ஒரு நிமிடம் குறுக்கிட வேண்டியிருக்கிறது. டப்ளின் நகரத்து மாலிநூ 1688-இல் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். திடீரெனப் பார்வை வந்தால், தொடாமலேயே எது எதுவென்று சொல்வாரா? மாலிநூவின் மனைவியே திருமணத்துக்குப் பின் பார்வை இழந்தவர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. சொல்ல முடியாது என்றார் லாக். 2011-இல் பவன் சின்ஹா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்தது. கையால் தொட்ட பொருளைக் கண்ணால் உடனே அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. சில நாள்களிலேயே அந்தத் திறன் வளர்ந்தது. ஆகவே கண் திறந்ததுமே அறிவு வந்துவிடுவதில்லை. பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கதை தாகூரின் 'திருஷ்டிதான்', 1898-இல் வந்தது. குமு என்ற பெண் தானே சொல்வதாக அமைந்தது. கணவன் மருத்துவ மாணவன். வேறு மருத்துவரை அழைக்கலாம் என்று அண்ணன் சொல்லியும் கேளாமல், தான் கற்றதன் மேலுள்ள செருக்கினால் தானே வைத்தியம் பார்த்து அவள் கண்களைக் கெடுத்துவிடுகிறான். பார்வை போன பிறகு, கணவனின் மனம் செல்வத்தின் பக்கமும் இன்னொரு பெண்ணின் பக்கமும் சாய்வதைக் குமுதான் முதலில் உணர்கிறாள். அரைகுறைப் படிப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான கதையை நான் படித்ததில்லை.

மூன்றாவது அமெரிக்கர் ரேமண்ட் கார்வரின் 'கதீட்ரல்' (1981). மனைவியின் பார்வையற்ற நண்பர் ராபர்ட் வீட்டுக்கு வருவதை விரும்பாத ஒருவன் கதை சொல்கிறான். இரவில் தொலைக்காட்சியில் பெரிய தேவாலயங்களைக் காட்டுகிறார்கள். அது எப்படியிருக்கும் என்று ராபர்ட் கேட்க, இவனால் சொல்ல முடியவில்லை. கடைப் பையின் காகிதத்தை விரித்து, ராபர்ட்டின் கை தன் கைமேல் இருக்க, வரைகிறான். கண்ணை மூடிக்கொள் என்கிறார் அவர், மூடிக்கொண்டு வரைகிறான். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்க மனம் வருவதில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணனோ சிரித்தார். "கதையில வர்ற கண்ணு தெரியாதவனுக்கு எப்பவும் ஒரே வேலைதான் தம்பி. கண்ணு இருக்கறவனுக்குப் பாடம் நடத்துறது. அந்த ராபர்ட்டுக்குப் பொண்டாட்டி செத்துப் போச்சு. அத யாரு கேட்டா?" என்றார். இந்த விமரிசனத்துக்கு என்னிடம் இன்றளவும் மறுமொழி இல்லை. குமு தன் கதையைத் தானே சொல்வதால் அவளை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார்.

இனி நான் சொல்லத் தயங்கிய செய்தி. அம்மா பால் ஊற்றும் வீடுகளுக்கான கணக்கு எங்கள் வீட்டு உள்சுவரில் கரிக்கோடுகளாக இருந்தது. முதலாமாண்டு விடுமுறையில் நான் ஒரு நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, பெயர் எழுதி எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். பிறகு அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தேன். வீடு அழகாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். கல்லூரி திறந்து நான் விடுதிக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதம் வீடுகளில் கொடுத்ததை அம்மா வாங்கிக்கொண்டாள். நோட்டு அலமாரியில் இருந்தது. அதை வாசிக்க அவளால் முடியாது. ஒரு வீட்டில் பன்னிரண்டு நாள் பால் விட்டுப்போனது. "போனாப் போவுது, நீ படிச்ச புள்ள, நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றாள்.

வெல்ஸ் கதையை முதன்முறை படித்தபோது, ஊரில் என் பேச்சு யாருக்கும் புரியாத குறையை எண்ணி, நான்தான் நூனெஸ் என்று நினைத்துக்கொண்டேன். வைத்தியரின் பகுதியை அண்ணனுக்காக உரக்கப் படித்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். "என்ன தம்பி?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்று தொடர்ந்தேன். மறுவாரம்தான் அவரிடம் சொன்னேன்.

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது வெள்ளைச் சுவரில் மறுபடியும் கரிக்கோடுகள் ஏறியிருந்தன. நீளக்கோடு அரை லிட்டர், சின்னக்கோடு கால் லிட்டர், குறுக்கே கிழித்தால் பணம் வந்துவிட்டது என்பது வரை கற்றுக்கொண்டேன். மூன்றாவது வரிசையின் தொடக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன. அது எந்த வீடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டால் அம்மா சிரிக்கிறாள்.