விண்டோஸை விட்டுவிடாமல் லினக்ஸ் பார்க்கலாம்

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11 சிஸ்டமோ டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி கொண்ட, ஓரளவு புதிய கம்ப்யூட்டர்களையே கேட்கிறது. இதனால், நன்றாக இயங்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்ற கேள்வி பலருக்கு எழுந்துள்ளது. உறவினர் கொடுத்த பழைய லேப்டாப்தான் உங்கள் முதல் கம்ப்யூட்டர் என்றால், உங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

இதற்கு விடையாகப் பலரும் சொல்வது லினக்ஸ். பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய சிஸ்டம் இது. இலவசம்தான். ஆனால் “இன்ஸ்டால் செய்தால் என் பைல்கள் போய்விடுமோ?” என்ற பயம் நியாயமானது. எனவே முதலில் இன்ஸ்டால் செய்யாமலேயே பார்த்துவிடுங்கள். லினக்ஸ் சிஸ்டத்தைப் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். இதனை “லைவ்” முறை என்பார்கள். இதில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் அப்படியே இருக்கும். 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப்பில் நான் இந்த முறையில் சோதித்ததை இங்கு வரிசையாகத் தருகிறேன்.

என்ன தேவை?

8 ஜிபி அளவுள்ள ஒரு பென் டிரைவ் போதும். அதில் உள்ளவை முழுவதும் அழிக்கப்படும் என்பதால், வேண்டியவற்றை முதலில் வேறிடத்தில் காப்பி செய்திடவும். லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட் (சின்னமன் பதிப்பு). கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம் எனப் பழகிய தோற்றமே இதிலும் இருக்கும். இதன் 22 ஆவது பதிப்பு 2024ல் வெளியானது. 2029 வரை இதற்கு அப்டேட் கிடைக்கும்.

டவுண்லோட் செய்யும் ஐ.எஸ்.ஓ. பைல் ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கவும். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்தையே சிலர் ஊடுருவி, திருத்தப்பட்ட பைலுக்கு லிங்க் கொடுத்துவிட்டனர். எனவே தளத்தில் தரப்பட்டுள்ள செக்சம் எண்ணுடன் ஒப்பிடுவது நல்லது. 7-ஜிப் புரோகிராம் உங்களிடம் இருந்தால், பைல் மீது ரைட் கிளிக் செய்து, சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. பிரிவில் எஸ்.எச்.ஏ.-256 தேர்ந்தெடுத்தால் எண் கிடைக்கும்.

அடுத்து ரூபஸ் என்ற இலவச புரோகிராமைத் திறந்து, பென் டிரைவையும் ஐ.எஸ்.ஓ. பைலையும் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்திடவும். இடையில் கேட்கப்படும் கேள்விக்கு “ரெகமண்டட்” எனக் குறிப்பிடப்பட்டதையே ஏற்றுக் கொள்ளவும்.

பூட் செய்வதற்கு முன்

இதனை மட்டும் தவறவிடாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா எனப் பார்க்கவும். இயங்கினால், 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைக்கவும். பயாஸ் செட்டிங்ஸில் ஏதேனும் மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் இந்தக் கீயைக் கேட்கலாம். கீ இல்லையேல் உங்கள் பைல்களை நீங்களே திறக்க முடியாது.

பின்னர், ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் நீலத் திரையில் “யூஸ் எ டிவைஸ்” தேர்ந்தெடுத்து, பென் டிரைவைச் சுட்டவும். இந்த வரி இல்லை எனில், கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே பூட் மெனுவிற்கான கீயை அழுத்த வேண்டும். டெல், லெனோவா லேப்டாப்களில் பெரும்பாலும் எப்12, எச்.பி.யில் எப்9.

“ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்” என்ற வரியில் என்டர் தட்டவும். திரை அப்படியே நின்றுவிட்டால், மீண்டும் பூட் செய்து “கம்பாடிபிலிடி மோட்” வரியைத் தேர்ந்தெடுக்கவும். திரையில் “இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்” என ஒரு ஐகான் தெரியும். இப்போதைக்கு அதன் பக்கம் போக வேண்டாம்.

எதைச் சோதிக்க வேண்டும்?

1. இன்டர்நெட்: வை-பி இணைகிறதா எனப் பார்க்கவும். இல்லை எனில் மொபைல் போனைக் கேபிளில் இணைத்து, யு.எஸ்.பி. டெதரிங் மூலம் நெட் பெறலாம்.

2. ஹார்ட்வேர்: ஒலி, கேமரா, திரை வெளிச்சம் ஆகியவற்றை இயக்கிப் பார்க்கவும். லேப்டாப் மூடியை மூடித் திறக்கவும். திரை லாக் ஆனால் பதற வேண்டாம். யூசர் பெயர் மின்ட், பாஸ்வேர்ட் எதுவும் இல்லை. நான் சோதித்த லேப்டாப்பில் எல்லாம் இயங்கின; பிரிண்டருக்கு மட்டும் டிரைவரைத் தேட வேண்டியிருந்தது. எனவே பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்ப்பது அவசியம்.

3. உங்கள் டாகுமெண்ட்கள்: சிலவற்றை இன்னொரு பென் டிரைவில் கொண்டு வந்து லிப்ரே ஆபீஸில் திறக்கவும். வேர்ட், எக்ஸெல் பைல்களை இது திறக்கும். பக்க அமைப்பு சற்று மாறலாம். யூனிகோடில் உள்ள தமிழ் சிக்கலின்றித் தெரியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துருவைப் போடும் வரை குழப்பமாகவே தெரியும்.

4. உங்கள் புரோகிராம்கள்: இங்குதான் முடிவே இருக்கிறது. டேலி பிரைம், போட்டோஷாப், டெஸ்க்டாப் எம்.எஸ். ஆபீஸ் ஆகியவை லினக்ஸிற்கெனத் தரப்படுவதில்லை. கடைக் கணக்கு டேலியில் இருந்தால், விண்டோஸை வைத்துக் கொள்ளத்தான் வேண்டும். பிரவுசர், மெயில், வீடியோ, கடிதம், பிள்ளைகளின் பாடம் இவையே வேலை என்றால், தயங்க வேண்டியதில்லை.

இரண்டு விஷயங்களைக் கண்டு ஏமாற வேண்டாம். பென் டிரைவில் இயங்குவதால் வேகம் குறைவாகத் தெரியும். இன்ஸ்டால் செய்தால் அதைவிட வேகமாக இருக்கும். லைவ் முறையில் டெஸ்க்டாப்பில் சேவ் செய்வது எல்லாம், கம்ப்யூட்டரை நிறுத்தியவுடன் மறைந்துவிடும். வேண்டியதை அந்த இரண்டாவது பென் டிரைவிலேயே சேவ் செய்திடவும்.

முடித்தவுடன் ஷட் டவுண் செய்து பென் டிரைவை எடுத்துவிட்டால், வழக்கம்போல் விண்டோஸ் வரும். கடிகாரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டலாம். லினக்ஸ் நேரத்தைக் கணக்கிடும் முறை வேறு என்பதே காரணம். விண்டோஸ் நேர செட்டிங்ஸில் “சிங்க் நவ்” கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

நான்கு சோதனைகளிலும் தேறினால், பிறகு இன்ஸ்டால் செய்வது பற்றி யோசிக்கலாம். அப்போதும் பைல்களை எல்லாம் வெளியில் பேக்கப் எடுத்த பின்னரே தொடங்கவும். இன்ஸ்டால் செய்கையில் “எரேஸ் டிஸ்க்” என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் பைல்களும் சேர்ந்தே போகும். இரண்டும் வேண்டுமெனில் விண்டோஸுடன் சேர்த்து இன்ஸ்டால் செய்யும் “அலாங்சைட்” வரியைத் தேர்ந்தெடுக்கவும். சோதனையில் தேறாவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. பென் டிரைவை பார்மட் செய்து பாட்டு காப்பி செய்ய வைத்துக் கொள்ளுங்கள்.