பக்கத்து நாடுகளின் பொருளாதாரக் கூட்டும் நம்ம ஊர் ரப்பரும்

சார்க் என்றால் "எட்டு நாடுகள், தலைமைச் செயலகம் காத்மாண்டு" என்று ஒரு மதிப்பெண் விடை எழுதிவிடுவோம். ஆனால் எதுக்காகச் சேர்ந்தாங்க? நமக்கு அதில் என்ன இருக்கு?

பொருளாதாரக் கூட்டு என்றால் என்ன?
வெளிநாட்டுப் பொருள் உள்ளே வரும்போது அரசு போடுவது சுங்க வரி. இதில் நாலு படி உண்டு.
1. தங்களுக்குள் வரியைக் குறைத்து நீக்கினால் தடையற்ற வணிகப் பகுதி.
2. மற்ற நாடுகளுக்கு எல்லோரும் ஒரே வரி போட்டால் சுங்க ஒன்றியம்.
3. பணமும் வேலையாட்களும் தடையில்லாமல் போய் வந்தால் பொதுச் சந்தை.
4. பொருளாதாரக் கொள்கையும் ஒன்றானால் பொருளாதார ஒன்றியம்.

தோற்றம்
இரண்டு உலகப் போரில் ஐரோப்பா நொறுங்கிப் போச்சு. போர்க் கருவி செய்ய நிலக்கரியும் எஃகும் வேணும். அவற்றைப் பொது நிர்வாகத்தில் வைத்தால் மறுபடி சண்டை வராது என்று பிரான்சு, மேற்கு ஜெர்மனி உட்பட 6 நாடுகள் 1951-ல் ஒப்பந்தம் செய்தன. அதுவே வளர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ஆனது. 2002-ல் யூரோ நோட்டும் புழக்கத்துக்கு வந்தது. ஆக, முதல் நோக்கம் சமாதானம். வியாபாரம் அதுக்கு வழி.

நம்ம பக்கம்
சார்க் 1985 டிசம்பர் 8-ல் டாக்காவில் 7 நாடுகளோடு தொடங்கியது. 2007-ல் ஆப்கானிஸ்தான் சேர்ந்தது. சாஃப்டா என்னும் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2004-ல் கையெழுத்தாகி 2006-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் நாம் முதல் படியையே முழுசாக ஏறவில்லை. காரணம், நாடுகளுக்குள் நம்பிக்கை இல்லை. 2014-ல் காத்மாண்டுவில் நடந்ததுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை.

ரப்பருக்கு என்ன சம்பந்தம்?
எந்த நாடும் எல்லாக் கதவையும் திறக்காது. பாதிக்கப்படும் பொருளுக்குத் தனிப் பட்டியல் வைக்கும். தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் எல்லாம் ரப்பர் அதிகம் விளையும் நாடுகள். அவை உள்ள ஆசியான் அமைப்போடு இந்தியா 2009-ல் ஒப்பந்தம் போட்டபோது, இயற்கை ரப்பரை வரிக் குறைப்பிலிருந்து விலக்கி வைத்தது. அந்த வரியும் போனால் டயர் கம்பெனிக்கு லாபம். ஆனால் விடியுமுன்னே டார்ச் லைட்டோடு பால்வெட்டப் போகிறவங்க வீட்டில் ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் விலை இறங்கும்.

முடிவுரை
பக்கத்து நாடுகள் சேர்ந்தால் பொருள் மலியும், சந்தை பெருகும், சண்டை குறையும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் பால்வெட்டுபவரும் சிறு விவசாயியும் உட்காருவதில்லை. அவங்களையும் நினைத்துப் போடும் ஒப்பந்தம்தான் நல்ல கூட்டு. அடுத்த தடவை சார்க் பற்றிப் படிக்கும்போது, நம்ம ஊர் ரப்பர் மரத்தையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க!