டேஷ்போர்டில் எரியும் பேட்டரி விளக்கு

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எழுதுவது புத்தகத்தில் படித்தது இல்லை. எங்க வேனில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

எங்க அப்பா ஒரு பழைய டீசல் வேனை வாடகைக்கு ஓட்டுகிறார். அதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. போன மாதம் ஒரு கல்யாண சவாரி முடிந்து இரவில் வரும்போது, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது. பார்த்தவர்கள் எல்லாம், "பேட்டரி போச்சு, புதுசு போடுங்க" என்றார்கள். அப்பா வட்டிக்குப் பணம் கேட்கக் கிளம்பிவிட்டார். அம்மாதான், "எதுக்கும் மெக்கானிக்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க" என்றார். லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை இது: "பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்ற விளக்கு இல்ல பாப்பா இது. பேட்டரிக்குச் சாப்பாடு வரலன்னு சொல்ற விளக்கு."

விளக்கு எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினை ஸ்டார்ட் செய்வது பேட்டரி. எஞ்சின் ஓடியதும் ஃபேன் பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். (ஒர்க் ஷாப்பில் இதை டைனமோ என்றே சொல்கிறார்கள்.) அது மின்சாரம் தயாரித்து, பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்யும்.

பழைய வண்டிகளில் இந்த விளக்கின் ஒரு முனை பேட்டரி பக்கம், மறுமுனை ஆல்டர்னேட்டர் பக்கம். சாவி போட்டதும் பேட்டரி பக்கம் 12 வோல்ட் இருக்கும், மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அதனால் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். எஞ்சின் ஓடியதும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். மின்னழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் மின்னோட்டம் இல்லை என்று வகுப்பில் படித்தோமே, அதேதான். ஒரே மட்டத்தில் தண்ணீர் உள்ள இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் தண்ணீர் ஓடாது இல்லையா? அதுபோல விளக்கு அணைந்துவிடும்.

புது வண்டிகளில் எலக்ட்ரானிக் சர்க்யூட் இதைக் கவனித்துக்கொள்கிறது. அர்த்தம் ஒன்றுதான்.

கண்டுபிடிக்கும் முறை

1. சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம் அல்லது வயர் விட்டிருக்கலாம். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரமே இந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

2. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் லூஸ்.

3. பேட்டரி முனையிலும் ஆல்டர்னேட்டரிலும் வயர் லூசா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. பெல்ட்டும் வயரும் சரியாக இருந்தால், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் போன்ற ஆல்டர்னேட்டர் உள்வேலையைப் பார்க்க வேண்டும்.

எங்க வேனில் எஞ்சின் ஓடும்போதும் மீட்டர் 12.1ஐத் தாண்டவில்லை. பெல்ட்டை அழுத்தினால் ஒரு அங்குலத்துக்கு மேல் போனது. உள்பக்கம் முழுக்க வெடிப்பு. இரவில் ஹெட்லைட் போட்டதும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடி பெல்ட் வழுக்கியிருக்கிறது. புது பெல்ட் போட்டதும் மீட்டர் 14.1 காட்டியது. பழைய பேட்டரியையே சார்ஜ் போட்டு மாட்டினார். இன்றுவரை ஓடுகிறது. செலவு சில நூறு ரூபாய்தான். அன்று புது பேட்டரி வாங்கியிருந்தால் அதுவும் நாலு நாளில் இறங்கியிருக்கும், வட்டி மட்டும் ஏறியிருக்கும்.

கவனம்!

* வழியில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்க வேன் போன்ற பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் ஓட்டவே கூடாது, எஞ்சின் சூடாகிக் கெட்டுவிடும்.
* எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது.
* எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். ஆல்டர்னேட்டரில் உள்ள டையோடு போய்விடும்.

விளக்கு எங்கே பார்க்கணும் என்றுதான் சொல்கிறது. எதை வாங்கணும் என்று சொல்வதில்லை. பார்த்துவிட்டுத்தான் வாங்கணும்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டு வண்டியில் சாவி போடும்போது அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் நல்லது. எரியவே இல்லை என்றால் வீட்டில் சொல்லுங்கள்!

— 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி