மதராசப்பட்டணமும் சென்னப்பட்டணமும்: ஐரோப்பியர் போட்டியில் உருவான நகரின் பெயர்கள்

நாயக்கர் காலத்தில் ஊருக்குத் தம் பெயரையோ முன்னோர் பெயரையோ இடுதல் ஓர் உரிமைக் கூற்றாகவே விளங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. பாண்டியர் கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் என வழங்கிய ஊர், பிற்காலத்தில் நாயக்கர் தலைவர் ஒருவரின் பெயரால் சின்னமனூர் ஆயிற்று என்பர். போடிநாயக்கனூரின் பெயரிலோ பாளையத் தலைமையின் சுவடு வெளிப்படையாகவே உள்ளது. இவ்வழக்கத்தை மனத்திற்கொண்டு சென்னையின் தோற்றத்தை நோக்கினால், மதராஸ் என்பது ஆங்கிலேயர் தந்த பெயர், சென்னை என்பது மண்ணின் தொன்மைப் பெயர் என்னும் பரவலான கருத்து நிலைபெறுவதில்லை. 1996ஆம் ஆண்டுப் பெயர் மாற்றத்தின்போது வலுப்பெற்ற கருத்து இது. பதினேழாம் நூற்றாண்டுச் சான்றுகள் ஏறத்தாழ இதன் மறுதலையைக் காட்டுகின்றன.

இரு கோட்டைகளுக்கு இடையே

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இக்கடற்கரையில் இரு ஐரோப்பியப் பகைவர் நிலைகொண்டிருந்தனர். தெற்கே மயிலாப்பூரை ஒட்டிப் போர்த்துக்கீசியரின் சாந்தோம். வடக்கே டச்சுக்காரரின் பழவேற்காடு. பழவேற்காட்டில் 1610இல் தொடங்கப்பெற்ற டச்சுப் பண்டகசாலையைச் சாந்தோம் போர்த்துக்கீசியர் 1612இல் தாக்கினர். மறு ஆண்டே அங்கு கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஆங்கிலேயர் இவ்விருவருக்கும் பின்தங்கியவர்கள். மசூலிப்பட்டணத்திலும் ஆர்மகானிலும் இருந்த அவர்களுடைய பண்டகசாலைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

ஆர்மகானிலிருந்து வந்த பிரான்சிஸ் டே மதராசப்பட்டணத்தைத் தேர்ந்தமைக்குச் சாந்தோமில் வாழ்ந்த ஒரு பெண்ணே காரணம் என்னும் வம்பு வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. இங்குத் துணி பிற இடங்களைவிட நூற்றுக்கு இருபது பங்கு மலிவு எனக் கும்பினியார் கணக்கிட்டிருந்த நிலையில் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் ஆங்கிலேயர் விரும்பியது மட்டுமே அவர்களுக்கு இடம் கிடைக்கப் போதுமானதன்று. இடம் தந்தவர் நோக்கமே ஈண்டு முதன்மையாக ஆராயத்தக்கது. சந்திரகிரியிலிருந்த விசயநகர அரசருக்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்டவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருடைய உடன்பிறந்தார் அய்யப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்தார். நாயக்கரின் எதிர்பார்ப்புகள் 1639ஆம் ஆண்டுக் கும்பினிக் கடிதப் போக்குவரத்தில் பதிவாகியுள்ளன. வாணிகத்தால் நாட்டிற்கு வருவாய் வேண்டும், பாரசீகக் குதிரைகள் வேண்டும், வங்காளத்திலிருந்து வல்லூறும் குரங்கும் கிளியும் வேண்டும், அண்டை நாட்டார் நெருக்கினால் தாம் புகலடையக் கோட்டை உதவ வேண்டும் என்பன அவை. பணிந்து இடமளித்த சிற்றரசர் ஒருவரின் பட்டியலாக இது தோன்றவில்லை. அந்நியரைத் தம் தேவைக்குப் பயன்படுத்த எண்ணியவரின் கணக்காகவே தோன்றுகிறது.

இதனினும் வலிய சான்று தெலுங்கு இலக்கியத்திலிருந்து கிடைக்கிறது. தாமர்ல குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் இயற்றிய உஷாபரிணயம், பழவேற்காட்டாருக்கும் மயிலாப்பூராருக்கும் இடையே நிகழ்ந்த பூசலைத் தணிக்க, அவ்விரு ஊர்களுக்கும் நடுவில் தந்தை சென்னப்பர் பெயரால் அய்யப்பர் ஒரு பட்டணத்தை நிறுவினார் எனக் குறிப்பிடுகிறது. குலப்பெருமை பேசும் நூலாதலின் இக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது என மறுக்கலாம். ஆனால் ஆங்கிலேயரை இதில் முதன்மைப்படுத்தாமல் விடுவதே இந்நூலின் சான்று மதிப்பு. நாயக்கர் குடும்பத்தின் பார்வையில் நகரை நிறுவியவர் டே அல்லர். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் பகையை நன்கறிந்து மூன்றாம் அந்நியரை இடையில் நிறுத்திய அய்யப்பரே.

மூன்று பெயர்கள்

1639ஆம் ஆண்டுக் கொடையில் குறிக்கப்பெறும் பெயர் மதராசப்பட்டணம். அஃதாவது ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கும் முன்னரே அப்பெயர் வழங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேஸ்வரமடத்தில் உள்ள பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டின் மாதரசன் பட்டணத்தை இதனோடு இணைப்பாரும் உளர். அதனை விடுத்தாலும் கொடையின் சான்றே இங்குப் போதும். சென்னப்பட்டணமோ கோட்டையோடு பிறந்த புதுப்பெயர். மதராசப்பட்டணம் வடக்கிலும் சென்னப்பட்டணம் தெற்கிலும் அமைந்து, இடைநிலத்தில் வீடுகள் பெருகியபின் இரண்டும் ஒன்றாயின என வரலாற்றாசிரியர் கருதுவர்.

மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. 1645இல் ஆங்கிலேயரின் உரிமைகளை உறுதிசெய்த மூன்றாம் ஸ்ரீரங்கராயர், நகரைத் தம் பெயரால் ஸ்ரீரங்கராயப்பட்டணம் எனக் குறித்தார். அது வழக்கில் நிலைக்கவில்லை. பேரரசரின் பெயர் ஒட்டாத ஊரில் அவருக்கு உட்பட்டவரின் தந்தை பெயர் ஒட்டிக்கொண்டது. விசயநகர ஆட்சியின் இறுதிக்கால நிலைக்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

போட்டி தொடர்ந்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைக் கைப்பற்றினர். 1674இல் டச்சுக்காரரும் கோல்கொண்டாப் படையும் இணைந்து அவர்களை வெளியேற்றினர். 1746இல் லபூர்தொனே கோட்டையையே பிடித்தார்; 1749இல்தான் அது ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. இந்நிகழ்ச்சிகளைப் புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய நாட்குறிப்பு இந்நகரைச் சென்னப்பட்டணம் என்றே வழங்குகிறது. ஆங்கிலேயர் எழுத்தில் உள்ளூர்ப் பழம்பெயரும் தமிழர் எழுத்தில் நாயக்கர் இட்ட புதுப்பெயரும் இடம்பெற்றமை இவ்வாறு நூறாண்டுக்குள் உறுதிப்பட்டுவிட்டது.

பெயர்கள் நின்றன, அவை குறித்த நிலம் நிற்கவில்லை. கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரரும், எஞ்சியதை மீண்டும் முற்றுகை வரும் என அஞ்சிய ஆங்கிலேயரும் இடித்தனர். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிபட்டுப் பின்னர் இன்றைய பூக்கடைப் பகுதியில் எழுந்தது. கோயில் நின்ற பழைய இடத்தில் இப்போது இருப்பது உயர்நீதிமன்ற வளாகம்.