இடம் அறிந்து வாழ்தல்

அரசர்க்கு வேண்டிய திறன்களைக் கூறவந்த திருவள்ளுவர், இடனறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் முதலையை எடுத்துக்காட்டாக வைத்தார். ஆழ்ந்த நீரில் உள்ளவரை முதலை பிற உயிர்களை வெல்லும். நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்பது அவர் கருத்து. போர்மேற் செல்லும் மன்னர்க்குக் கூறிய அறிவுரை இது. ஆயினும், ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வீடு கட்டி வாழும் இக்கால மக்களுக்கும் இது மிகவும் பொருந்தும்.

சென்னை மாநகரின் வடபகுதியாகிய இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய ஊர்கள் நீர்வளம் சூழ்ந்தவை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கடலுக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். இவற்றின் இடையே மீனவர் குப்பங்களும், தொழிற்சாலைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி அமைந்துள்ளன. நீர் ஓய்வு கொள்ளும் தாழ்ந்த நிலங்கள் பல இன்று மேடாக்கப்பட்டுவிட்டன. ஆதலின், பெருமழை பெய்யும்போது நீர் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் நுழைகின்றது.

2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் வாரத்தில் மிக்சாம் புயல் சென்னையை அலைக்கழித்தது. வடக்கே, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்து, அவர்தம் பிழைப்பைக் கெடுத்தது. அதே நாள்களில், நகரின் தென்கோடியிலுள்ள பெருங்களத்தூர்ப் பகுதியில், கொட்டும் மழையில், இரவு நேரத்தில் ஒரு முதலை சாலையைக் கடந்து சென்றது. ஊர்தியில் சென்றோர் அதனைக் கண்டு திகைத்தனர். அக்காட்சி படமாகப் பரவவே, ஊரெங்கும் அச்சம் மூண்டது. மாநகரில் முதலைக்கு என்ன வேலை என்று பலரும் வினவினர்.

அவ்வினாவிற்கு அரசு அலுவலர்கள் தெளிவான விடை தந்தனர். சென்னையைச் சார்ந்த நீர்நிலைகள் சிலவற்றில் முதலைகள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அவை கூச்சம் மிக்கவை. மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை என்று அவர்கள் கூறினர். முதலை ஊருக்குள் புதிதாக வரவில்லை. முதலை வாழும் ஏரியின் அருகில் ஊர் வளர்ந்துவிட்டது. ஏரி நிரம்பி வழிந்தபோது, இரண்டிற்கும் இடையே இருந்த எல்லை மறைந்துவிட்டது.

தமிழர்க்கு முதலை புதிய உயிரன்று. முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்கள் குறிஞ்சிப்பாட்டில் காணப்படுகின்றன. இந்திய நாட்டில் இன்று மூவகை முதலைகள் உள்ளன. ஏரி, குளம், ஆறு ஆகியவற்றில் வாழ்வது சதுப்பு முதலை. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்வது உவர்நீர் முதலை. ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் தீவுகள் ஆகியவை அதன் இருப்பிடங்கள். நீண்டு ஒடுங்கிய மூக்கினை உடைய கங்கை முதலை மீனையே பெரிதும் உண்பது. அமெரிக்காவிலும் சீனாவிலும் காணப்படும் அலிகேட்டர் என்பது முதலைக்கு உறவான வேறோர் இனம். அது இந்திய நீர்நிலைகளில் இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் காணப்படுவது சதுப்பு முதலையே.

சதுப்பு முதலை பத்தடிக்கு மேலும் வளரக்கூடியது. அதன் கண்களும் மூக்குத் துளைகளும் தலையின் மேற்பக்கத்தில் அமைந்துள்ளன. ஆதலால், உடல் முழுவதையும் நீரில் மறைத்துக்கொண்டு, கரையில் நிகழ்வதை அது காண முடியும். நீரில் மிதக்கும் கட்டைபோல அசைவற்றுக் கிடந்து, இரை அருகில் வந்ததும் நொடிப்பொழுதில் பாயும். தாடையை மூடும் தசைகள் மிக வலியவை. திறக்கும் தசைகளோ வலிமை குறைந்தவை. கவ்விய இரையை அது ஆழத்திற்கு இழுத்துச் செல்லும். கோடையில் குளம் வற்றினால், கரையில் வளை தோண்டித் தங்கும். அல்லது இரவில் தரைவழியே நடந்து வேறு நீர்நிலையை அடையும். மணலில் குழி பறித்து முட்டையிட்டு, தாய் முதலை அருகிலிருந்து காக்கும். அக்காலத்தில் அதனை நெருங்குவது பெருந்தீங்கு விளைக்கும்.

முதலையின் அருகில் வாழ்வதன் துன்பத்தைக் கடலூர் மாவட்டத்தில் காணலாம். சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பழைய கொள்ளிடம் ஆற்றில் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன. கரையோரச் சிற்றூர்களின் மக்கள் குளிப்பதற்கும், துணி துவைப்பதற்கும், கால்நடைகளைக் கழுவுவதற்கும் அவ்வாற்றில் இறங்குவர். ஆடுகளும் மாடுகளும் முதலைக்கு இரையானதுண்டு. மக்களிற் சிலர் உறுப்பிழந்ததும், உயிரிழந்ததும் உண்டு. ஊருக்குள் புகும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து, வக்காரமாரி ஏரியில் விட்டு வருகின்றனர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் குழாய்நீரும் குளியலறையும் உடையவர் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. அவை இல்லாதவரே நாள்தோறும் துறைக்குச் செல்கின்றனர். எனவே, முதலையால் வரும் தீங்கு எல்லார்மீதும் ஒரு தன்மையாக விழுவதில்லை. வறியவர்மீதே மிகுதியாக விழுகின்றது. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் குலத்தார் நீரில் இறங்கி, வெறுங்கையால் இறால் தடவிப் பிடிப்பர். அவர்களை வருத்துவது முதலையன்று. சாம்பலும் எண்ணெயும் கலந்த நீர். எனினும், நீரை நம்பி வாழ்பவரே நீரின் கேட்டை முதலில் துய்க்கின்றனர் என்னும் உண்மை, கொள்ளிடத்திற்கும் எண்ணூருக்கும் ஒன்றே.

குசராத்து மாநிலத்தின் வடோதரா நகரம் இதனினும் வியப்பானது. அந்நகரின் நடுவே விசுவாமித்திரி ஆறு வளைந்து செல்கின்றது. அதில் நூற்றுக்கணக்கான சதுப்பு முதலைகள் வாழ்கின்றன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெருவெள்ளம் வந்தபோது, பல முதலைகள் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் காணப்பட்டன. ஒரு முதலை வீட்டுக் கூரையின்மேல் ஒதுங்கிக் கிடந்தது. வனத்துறையினரும் தொண்டர்களும் அவற்றைப் பிடித்து, வெள்ளம் வடிந்தபின் ஆற்றில் விட்டனர். ஆற்றின் கரைகளைக் கட்டடங்கள் நெருக்கியமையும், கழிவுகள் நீரோட்டத்தை அடைத்தமையும் அவ்வெள்ளத்தின் துயரை மிகுவித்தன.

இத்துணைத் தீங்கு விளைக்கும் உயிரை அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் அவ்வாறே செய்யப்பட்டது. தோலுக்காக முதலைகள் வேட்டையாடப்பட்டன, முட்டைகளும் கவரப்பட்டன. அதனால் நாடெங்கும் அவ்வினம் அழிவின் விளிம்பை அடைந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1975-ஆம் ஆண்டு இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ஆம் ஆண்டு, ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினர். சிலவாக இருந்த முதலைகள் அங்குப் பல்கிப் பெருகின. ஒகேனக்கல், சாத்தனூர், அமராவதி ஆகிய இடங்களிலும் பண்ணைகள் அமைக்கப்பட்டன.

முதலை நீர்நிலைக்கு ஊழியம் செய்யும் உயிராகும். செத்து மிதக்கும் உடல்களையும், நோயுற்ற மீன்களையும் உண்டு, நீரின் தூய்மையைக் காக்கின்றது. மேலும், முதலையைப் பிடித்துத் தொலைவில் விடுவதும் எப்பொழுதும் பயன்தரும் வழியன்று. ஆஸ்திரேலியாவில், நெடுந்தொலைவு கொண்டுபோய் விடப்பட்ட உவர்நீர் முதலைகள் கடல்வழியே நீந்தித் தம் பழைய இடத்தையே மீண்டும் அடைந்தன. தன் இடத்தை அவ்வுயிர் நன்கு அறியும்.

ஆகவே, முதலையோடு போரிடுவதினும், அதற்கும் மனிதர்க்கும் இடையே எல்லை அமைப்பதே அறிவுடைமையாகும். இலங்கையின் தென்பகுதியிலுள்ள நில்வளா ஆற்றங்கரை மக்கள், குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள் வலிய கழிகளை நட்டு வேலி கட்டுவர். சிங்களத்தில் அதற்குக் கிம்புல் கொட்டுவ என்பது பெயர். முதலைக் கோட்டை என்பது அதன் பொருள். உண்மையில், அக்கோட்டைக்குள் பாதுகாப்பாக இருப்பவர் மனிதரே. முதலை வெளியே நிற்கும். பிதர்கனிகாவைச் சார்ந்த ஊர்களிலும் இத்தகைய வேலியிட்ட துறைகள் உண்டு. சிறு செலவில் பல உயிர்களைக் காக்கும் ஏற்பாடு இது. இதனொடு வீடுதோறும் குழாய்நீரும் கிடைக்குமாயின், இடர் பெரிதும் குறையும்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அலிகேட்டர்கள் வாழ்கின்றன. குடியிருப்புகளின் நடுவே உள்ள குளங்களிலும் அவை தங்கும். அவற்றிற்கு உணவு அளிப்பது அங்குக் குற்றமாகும். உணவு பெற்றுப் பழகிய விலங்கு, மனிதரைக் கண்டு அஞ்சுவதை மறக்கும். மனிதர் வந்தால் உணவு வந்தது என்று எண்ணும். நீர்நிலைகளில் இறைச்சிக் கழிவையும் மீன் கழிவையும் கொட்டுவதும் அவ்வாறு உணவளிப்பதே ஆகும். கழிவு குவியுமிடத்தில் நாய்கள் கூடும். நாய்களை நாடி முதலை வரும்.

முதலை உள்ள நீர்நிலையின் அருகில் வாழ்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். அந்தியிலும் இரவிலும் நீரில் இறங்கலாகாது. சிறுவர்களைத் துறைக்குத் தனியே அனுப்பலாகாது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இறங்குவதும் நன்றன்று. முதலை அதனைக் கவனித்துக் காத்திருக்கும். கரையில் முதலை கிடப்பதைக் கண்டால், கல்லெறிவதும், சூழ்ந்து நின்று படம் எடுப்பதும் தகாது; விலகி நின்று வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும். வெள்ளக் காலத்தில் இந்நெறிகள் எல்லா ஊர்க்கும் உரியவை. முதலை இல்லாத இடத்திலும் பாம்புகள் மேட்டிடம் தேடி வீடுகளுக்குள் புகும். கலங்கிய நீரில் விளக்கும் கோலும் இன்றி நடத்தல் ஆகாது.

இவையெல்லாம் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஊரைக் காக்கும் வழி ஒன்று உண்டு. நீருக்கு உரிய இடத்தை நீருக்கே விடுதல் அது. ஏரியின் பரப்பும், ஆற்றின் கரையும், கழிமுகத்தின் தாழ்நிலமும் வெற்றிடங்கள் அல்ல. மழைக்காலத்தில் வெள்ளம் தங்குவதற்கும், மீன் குஞ்சு பொரிப்பதற்கும், பறவையும் முதலையும் வாழ்வதற்கும் உரிய இல்லங்கள் அவை. அவ்விடங்களை மனிதர் கவர்ந்துகொண்டால், அவற்றில் இருந்தவை வேறு எங்குச் செல்லும்? பெருங்களத்தூரில் சாலையைக் கடந்த முதலைக்கு அன்று போக்கிடம் வேறில்லை. எண்ணூரில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்திற்கும் போக்கிடம் வேறில்லை.

கடலின் குறிப்பறிந்து படகு செலுத்தும் இராயபுரத்து மீனவர், அலை மிகுந்த நாளில் கரையிலேயே தங்குவர். அது கோழைமை அன்று. இடமும் காலமும் அறிந்த அறிவு. அவ்வறிவு வீடு கட்டுவோர்க்கும், சாலை அமைப்போர்க்கும், நகரை ஆள்வோர்க்கும் வாய்க்குமாயின், முதலை நீரிலும் மனிதர் நிலத்திலும் அச்சமின்றி வாழலாம்.